பாட்டியின் பட்டுப்புடவைகள்: விற்பதற்கு முன் சலவைக்குப் போடலாமா?

கேள்வி: பாட்டி காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஆறு பட்டுப்புடவைகள். மூன்று ஒன்பது கெஜம், மூன்று ஆறு கெஜம். ஐந்து காஞ்சிபுரம் என்று அம்மா சொல்கிறார். அரக்கு நிறப் புடவையில் ஜரிகை கறுத்துவிட்டது. மாம்பழ மஞ்சளில் முந்தானைப் பக்கம் எண்ணெயும் குங்குமமும் பட்ட கறை. கரும்பச்சை, மடிப்புக்கு மடிப்பு கிழிகிறது. மயில்கழுத்தும் வாடாமல்லியும் நன்றாக இருக்கின்றன. வெளிர் ரோஸில் மட்டும் ஜரிகை நேற்று வாங்கியதுபோல் மின்னுகிறது. எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசனை. பழைய பட்டு வாங்கத் தெருவில் வருபவர் எடைக்கு ஒரு விலை சொன்னார். இணையத்தில் இதே போன்ற புடவைகள் அதைவிட எவ்வளவோ கூடுதலாகப் போகின்றன. சலவைக்கடைக்காரரோ, ‘டிரைவாஷ் பண்ணி பாலிஷ் போட்டுத் தரேன், புதுசு மாதிரி ஆயிடும்’ என்கிறார். சுத்தம் செய்து விற்பதா, இருக்கிறபடியே விற்பதா?
— வாசகி, திருச்சி

பதில்: சலவைக்கடைக்கும் வேண்டாம், தெருவில் வருபவருக்கும் வேண்டாம், இப்போதைக்கு இரண்டையும் நிறுத்தி வையுங்கள். ஆறு புடவைக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. தூசியையும் அந்துருண்டை வாசனையையும் போக்குவது ஆறுக்கும் பொதுவான வேலை, அதை வீட்டிலேயே செய்யலாம். மாம்பழ மஞ்சளை, கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால், டிரைவாஷுக்கு அனுப்பலாம். மயில்கழுத்துக்கும் வாடாமல்லிக்கும் காற்றாடவிடுவதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. அரக்குப் புடவையின் ஜரிகையில் கை வைக்காதீர்கள். கரும்பச்சையை எந்தச் சலவைக்குப் போட்டாலும் அது புடவையாகத் திரும்பி வராது.

இத்தனை வருடம் பெட்டியில் இருந்த அழுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வேண்டுமென்றால் வாங்குபவரே அதை நீக்கிக்கொள்வார். இறங்கிய சாயத்தையும் இற்றுப்போன இழையையும் யாராலும் பழையபடி ஆக்க முடியாது. அதனால் சுத்தம் செய்வதைப் பற்றி யோசிப்பதற்கு முன், யார் வாங்கப்போகிறார் என்று முடிவுசெய்ய வேண்டும்.

பழைய பட்டு வாங்குவோர் மூன்று வகை. முதல் வகை, உங்கள் தெருவுக்கு வருபவர். அவருக்குப் புடவை வேண்டாம், ஜரிகையில் உள்ள வெள்ளிதான் வேண்டும். எரித்து உருக்கி எடுக்கப்போகிறவருக்குக் கறை இருந்தால் என்ன, வாசனை அடித்தால் என்ன? அவருக்காகச் செய்யும் சலவைச் செலவு அப்படியே நஷ்டம். இரண்டாம் வகை, கரையையும் முந்தானையையும் கத்தரித்து ரவிக்கை, பாவாடை, தலையணை உறை, சட்டமிட்ட படம் என்று மாற்றுபவர்கள். கறை படாத பகுதி எத்தனை மீட்டர் கிடைக்கும் என்பதே இவர்களுடைய கணக்கு. மூன்றாம் வகை, புடவையைப் புடவையாகவே உடுத்தவோ சேர்த்து வைக்கவோ வாங்குபவர்கள். இணையத்தில் நீங்கள் பார்த்த விலை இவர்கள் கொடுப்பது. இவர்களிலும் ஒரு பிரிவு உண்டு. உடுத்த வாங்குபவருக்கு வாசனையும் கறையும் பெரிய குறை. சேகரிப்பவருக்கோ சலவைக்கே போகாத புடவைதான் உயர்ந்தது, ஏனென்றால் நெய்தவர் கொடுத்த மடிப்பும் சாயமும் ஜரிகையும் அதில்தான் அப்படியே இருக்கும்.

உருக்குபவர் சொல்லும் விலையைக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அது நியாயமா என்று பார்க்க ஒரு கணக்குப் போடலாம். ஒரு புடவை 800 கிராம் என்றும், அதில் ஜரிகை மட்டும் 200 கிராம் என்றும், அந்த ஜரிகையில் பாதி வெள்ளி என்றும் வைத்துக்கொண்டால், 100 கிராம் வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி, உருக்கும் சேதாரம், கூலி, அவருடைய லாபம் இவற்றைக் கழித்தால் வரும் தொகைதான் அவர் தரக்கூடியது. புடவையை வெட்டாமல் ஜரிகை எடையைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அவரும் கண்திட்டமாகத்தான் போடுகிறார். ‘எத்தனை கிராம் வெள்ளி என்று கணக்குப் போட்டீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஜரிகை நிஜமா என்று தெரியாமல் இந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. சுத்த ஜரிகை என்பது சாயமிட்ட பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்கமுலாம் பூசியது. தங்கம் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலிலிருந்து ஓர் அங்குலம் எடுத்து, ஊசியால் மேல் கம்பியைப் பிரித்துப் பாருங்கள். உள்நூல் சிவப்பாக இருந்தால் நிஜ ஜரிகை என்று ஒரு பேச்சு உண்டு. அதை மட்டும் நம்பக் கூடாது, போலியிலும் நூலைச் சிவப்பாக்குவது எளிது. உள்நூலைத் தீயில் காட்டுங்கள். முடி கருகும் வாசனையும், விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலும் பட்டுக்கு அடையாளம். காகிதம் எரிவதுபோல் எரிந்தால் பருத்தி, உருகிக் கெட்டியான மணியாக உருண்டால் பாலியஸ்டர். மேல்சுற்றைச் சுரண்டினால் வெண்மை தெரிந்தால் வெள்ளி, செம்மை தெரிந்தால் செம்பு. தங்க நகையைச் சோதிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி உள்ள இடத்தில் கரையை வைத்துப் பார்க்கச் சொன்னால், துணிக்கு எந்தச் சேதமும் இல்லாமல் வெள்ளியா செம்பா என்று தெரிந்துவிடும்.

இதில் உங்கள் வெளிர் ரோஸ் தனியாகக் கவனிக்க வேண்டியது. மற்ற ஐந்தோடு அதே பெட்டியில் அதே காற்றில் இருந்தும் மங்காத ஜரிகை என்றால், அது மெருகெண்ணெய் (லாக்கர்) பூசிய செம்பாகவோ உலோகப்பூச்சு கொடுத்த பிளாஸ்டிக் நாடாவாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். உடல் நூலையும் எரித்துப் பாருங்கள். அப்படியானால் அது உடுத்துவோருக்குப் போகும் சாதாரணப் புடவை. சுத்தம் செய்து விற்பதே நல்லது, பயப்படவும் வேண்டாம். மின்னும் புடவைதான் விலை போகும் என்று நினைத்து அதை முதலில் எடுத்துக் காட்டுபவர்கள் நிறைய. பழம்பட்டு தெரிந்தவர் கை அந்தக் கறுத்த அரக்கின் மேல்தான் முதலில் போகும்.

இனி பட்டின் பலம். தரையில் வெள்ளைப் போர்வை விரித்து, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு புடவையையும் முழுநீளத்துக்குப் பிரியுங்கள். உதறாதீர்கள், பழைய பட்டு உதறும்போதுதான் முதலில் போகும். மடிப்புக் கோடுகளைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால், ஊசிப்பொட்டுகளாக வெளிச்சம் வரும் இடங்கள் தெரியும். கரையும் உடலும் சேரும் கோர்வை, முந்தானை சேரும் பிட்னி, தோளில் ஊக்குக் குத்திய இடம், கொசுவத்தின் அடிப்பகுதி, ஃபால்ஸ் தைத்த தையல்வரி ஆகிய ஐந்தும் முதலில் இற்றுப்போகும். கனமான ஜரிகைக் கரையில் இன்னொரு சிக்கல் உண்டு: குறுக்கே ஓடும் உலோக ஊடை, நெடுக்கே ஓடும் பட்டுப் பாவு இழையை அறுத்துக்கொண்டே வரும். ஓர் ஓரத்தை விரலிடையில் பிடித்து மெல்ல மடித்து விடுங்கள். நல்ல பட்டு வழுக்கிக்கொண்டு பழைய நிலைக்கு வரும். மடித்த கோடு அப்படியே நின்றாலோ, பொடி உதிர்ந்தாலோ, காகிதம்போல் சரசரத்தாலோ அந்தப் புடவையைத் தண்ணீரும் கரைப்பானும் தொடக் கூடாது. உங்கள் கரும்பச்சை இந்த நிலைக்குப் போய்விட்டது என்றே உங்கள் கடிதம் சொல்கிறது.

ஓரத்தைப் பார்க்கும்போது கடை முத்திரை, சங்கத்தின் முத்திரை, மையில் எழுதிய எண், தைத்த சீட்டு எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோ-ஆப்டெக்ஸ் 1935-லேயே தொடங்கியது, அந்தக் காலக் கூட்டுறவுச் சங்க முத்திரையோடு புடவைகள் கிடைக்கின்றன. மை முத்திரை ஒரே சலவையில் போய்விடலாம், போனால் புடவை எங்கிருந்து வந்தது என்பதற்கான சாட்சியும் போய்விடும். பழைய ரசீது, அட்டைப்பெட்டி, கல்யாணப் புகைப்படத்தில் பாட்டி அதே புடவையில் இருக்கும் படம் எல்லாம் விலையோடு சேர்ந்தவை. சுத்தப் பட்டு என்று சான்று தரும் சில்க் மார்க் முத்திரை 2004-ல்தான் வந்தது, காஞ்சிபுரத்துக்குப் புவிசார் குறியீடும் அதையொட்டித்தான். பாட்டியின் புடவையில் அவை இல்லாதது குறையாகாது.

வீட்டில் செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம். பெட்டியிலிருந்து எடுத்ததும் இராமபாணமோ அந்துப்பூச்சிக் கூடோ இருக்கிறதா என்று மடிப்புகளுக்குள் பாருங்கள். ஓட்டைகள், மணல்போன்ற எச்சம், மெல்லிய பட்டிழைக் கூடு இவை அடையாளம். இருந்தால் அந்தப் புடவையைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்தட்டு பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டாது, ஐஸ்கிரீம் வைக்கும் தனி ஃப்ரீசரே சரி. வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைப் பிரிக்காதீர்கள். முன்பே பிரித்தால் குளிர்ந்த பட்டின் மேலேயே நீர் துளிர்க்கும். காத்திருந்தால் அது பையின் வெளிப்புறத்தில் துளிர்த்துக் காய்ந்துவிடும்.

தூசி எடுக்க வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து, குழாய் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை ரப்பர் வளையத்தால் கட்டி, துணியிலிருந்து அரை அங்குலம் மேலே பிடித்து நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். வலை இல்லாவிட்டால் பிய்ந்து நிற்கும் ஜரிகை இழை குழாய்க்குள் போய்விடும். வேக்குவம் இல்லாதவர்கள் புதிய, அகலமான, மெல்லிய மயிர்த்தூரிகையால் இழையோட்டத்தின் திசையில் வருடினால் போதும். பூஞ்சை இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, நன்றாகக் காய்ந்தபின் வெளியில் வைத்துத் தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்தில் துடைத்தால் பூஞ்சை துணிக்குள் இறங்கும்.

அந்துருண்டை வாசனை தானாகவே ஆவியாகிப் போகக்கூடியது. வெயில் படாத அறையில் கட்டிலின் மேல் வேட்டி விரித்து, அதன் மேல் புடவையைப் பரத்தி, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, ஒரு நாளைக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். நான்கைந்து நாளில் பெரும்பகுதி போய்விடும். கொடியில் போட்டால் புடவையின் மொத்தக் கனமும் ஒரு கோட்டில் இறங்கி, அந்தக் கோடே கிழியும். வெயில் பட்டின் பலத்தையும் சாயத்தையும் சேர்த்தே தின்னும். சாம்பிராணி போட்டு வாசனையை மறைப்பவர்கள் உண்டு. புகையிலுள்ள பிசின் இழையில் படிந்து தூசியை இழுக்கும், வாங்குபவருக்கும் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். வாசனைத் தெளிப்பானும் அப்படித்தான், அது ஜரிகைக்கும் ஆகாது.

இந்த அளவில் நிறுத்தி, மயில்கழுத்தையும் வாடாமல்லியையும் அப்படியே விற்பனைக்கு வைத்துவிடலாம்.

தண்ணீர் சலவை பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘ஷாம்பு போட்டு அலசினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர் ஒருவராவது உங்கள் குடும்பத்தில் இருப்பார். கோர்வைப் புடவை மூன்று நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் தறிக்கருவி) போட்டு நெய்தது. கரையும் உடலும் வேறு வேறு சாயம், சமயத்தில் வேறு முறுக்கு. நனைந்தால் அரக்குக் கரையின் சிவப்பு மஞ்சள் உடலுக்குள் ஓடும். இரண்டும் ஒரே அளவில் சுருங்காததால் கோர்வை வரி நெடுகச் சுருக்கம் விழும், இஸ்திரி போட்டும் போகாது. ஜரிகையின் உள்நூல் சாயமும் இறங்கக்கூடும். நனைந்த பட்டு உலர்ந்த பட்டைவிட பலவீனமானது. ஒன்பது கெஜம் நீரைக் குடித்து நிற்கும் கனத்தில் தூக்கும்போதே கிழிந்துவிடும். சலவைச் சோடாவும் சாதாரண சோப்புத்தூளும் காரத்தன்மையால் பட்டை முரடாக்கும். கறைநீக்கும் என்சைம் கலந்த தூள்கள் புரதத்தைக் கரைக்கவே சேர்க்கப்பட்டவை, பட்டோ முழுக்கப் புரதம். குளோரின் பிளீச் பட்டைக் கரைத்தே விடும். பூந்திக்கொட்டை இவற்றைவிடச் சாதுவானதுதான், ஆனாலும் வெளிர் நிறத்தில் அதன் பழுப்பு படியும்.

சாய உறுதியைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். மெக்கானிக் கடைகளில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து, புடவையின் உள்மடிப்பில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்க வேண்டாம். உடல், கரை, முந்தானை, புட்டா என ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் குச்சி. பஞ்சில் லேசான நிறம் வந்தாலும் தண்ணீர் சலவை கிடையாது. வராவிட்டாலும் பழைய காஞ்சிபுரத்துக்கு என் சிபாரிசு அதுவேதான்; இந்தச் சோதனை, அந்தப் புடவை மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று வாங்குபவரிடம் சொல்வதற்குத்தான் அதிகம் உதவும். பருத்திச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி போன்றவை வேறு கதை, அவை தண்ணீருக்குப் பிறந்தவை.

மாம்பழ மஞ்சளின் கறைகளில் இரண்டும் இரண்டு விதம். குங்குமம் பொடியாக ஒட்டியிருக்கும்வரை உலர்ந்த தூரிகைக்கும் வேக்குவத்துக்கும் வரும். ஈரத்துணியால் துடைத்தால் அதிலுள்ள சாயம் கரைந்து, பொட்டளவு கறை உள்ளங்கையளவு ஆகும். மஞ்சள்தூள் கறை ஏதாவது இருந்து அதன் மேல் சோப்புப் பட்டால் காரத்தில் அது சிவந்துபோகும், குங்குமம் பரவிவிட்டதோ என்று குழம்புவீர்கள். எண்ணெய் புதிதாக இருந்தால் டிரைவாஷில் கரையும். பல வருடம் ஆனது காற்றோடு சேர்ந்து பழுப்பேறிக் கெட்டியாகியிருக்கும். அதில் பாதி வந்தாலே அதிகம். டால்கம் பவுடர், சாக்பீஸ் பொடி எல்லாம் சிந்திய கையோடு போட்டால்தான் பலன் தரும். துருக்கறையைத் துரு நீக்கும் அமிலத்தால் எடுக்கலாம் என்பார்கள். சாயமும் ஜரிகையும் சேர்ந்து போகும், விட்டுவிடுங்கள்.

டிரைவாஷ் என்ற பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. அதில் தண்ணீருக்குப் பதிலாகப் பெர்க்ளோரோஎத்திலீனோ பெட்ரோலியக் கரைப்பானோ பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் பெட்ரோல் வாஷ் என்று சொல்வது இரண்டாவது. எண்ணெய், மெழுகு, பிசுக்கு இதில் போகும். வியர்வை உப்பு, பால், சர்க்கரை போகாது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: பந்தியில் சிந்திய பாயசமோ பானகமோ காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், சலவைக்குப்பின் இஸ்திரிச் சூட்டில் பழுப்பாக எழும்பும். புடவையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சண்டை போவது பெரும்பாலும் இதனால்தான்.

அனுப்புவதென்றால் ஃபால்ஸை நீங்களே பிரித்துவிடுங்கள். அதன் பருத்தி வேறு விதமாகச் சுருங்கும், அடியில் பல வருட மண்ணும் இருக்கும். கடைக்காரரிடம் கறைகளைக் காட்டி, எண்ணெய் எது, தெரியாதது எது என்று சொல்லுங்கள். அவர்களுடைய கரைப்பானை ஃபால்ஸ் இருந்த இடத்தில் தொட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். தனியாக, வலைப்பைக்குள் போட்டு, குறைந்த நேரம் ஓட்ட வேண்டும்; கறையைத் தூரிகையால் தேய்க்கக் கூடாது, நீராவி அடிக்கக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் கொடுக்காதீர்கள். முதலில் அந்த வெளிர் ரோஸைக் கொடுத்து வேலையைப் பார்த்துவிட்டு, பிறகு மஞ்சளைக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

பாலிஷும் ரோல் பிரஸும் கண்டிப்பாக வேண்டாம். கஞ்சியோ பசையோ தடவி, உருளையில் இழுத்துச் சுற்றி இறுக்குவதுதான் அந்த வேலை. இற்ற மடிப்பு அந்த இழுப்பிலேயே போகும், தப்பித்தாலும் கஞ்சி இராமபாணத்துக்கு விருந்து. வாங்குபவர் கையில் எடுத்த உடனே அந்த விறைப்பைத் தெரிந்துகொள்வார். பட்டின் இயல்பான குழைவு போய்விட்ட புடவைக்குச் சேகரிப்பவர் விலையைக் குறைப்பார், உருக்குபவர் ஒரு காசும் கூட்ட மாட்டார். ஆக, சலவைக்கடைக்காரர் சொல்லும் ‘புதுசு மாதிரி’ உங்களுக்கு எந்தப் பக்கமும் லாபமில்லை.

ஜரிகைக்கு வருகிறேன். வெள்ளி, காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகக் கறுக்கிறது. தங்கமுலாம் தேய்ந்த இடங்களில் முதலில் கறுக்கும். அந்துருண்டையை ஜரிகையை ஒட்டி வைத்தாலும் மங்கும் என்பது நெசவாளர் வீடுகளில் எல்லோரும் சொல்வது. இதற்குப் பற்பசை, புளி, எலுமிச்சை, சமையல் சோடாவும் அலுமினியத் தாளும், வெள்ளிப் பாத்திரத்துக்கான திரவம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பாத்திரம் கெட்டியான உலோகம், தேய்த்தால் அடியில் இன்னும் வெள்ளி இருக்கும். ஜரிகையில் இருப்பது முடியைவிட மெல்லிய தகடு, அதன் மேல் அதைவிடப் பல மடங்கு மெல்லிய தங்கம். கறுப்பு போகும்போது தங்கமும் போய், மஞ்சள் ஜரிகை வெளுத்த வெள்ளை ஜரிகையாகிவிடும். அமிலமும் உப்பும் உள்நூலில் தங்கி, அடுத்த மழைக்காலத்தில் முன்னைவிட வேகமாகக் கறுக்கும், பட்டையும் அரிக்கும். இவ்வளவுக்கும் மேல், சீராகக் கறுத்த ஜரிகை உங்கள் அரக்குப் புடவையில் வெள்ளி இருக்கலாம் என்பதற்கு வாங்குபவர் கண்ணால் பார்க்கும் அடையாளம். அதை நீங்களே அழித்துவிட்டு, பிறகு ‘நிஜ ஜரிகைதான்’ என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். பச்சைக் களிம்பு தெரிந்தால் மட்டும் அது செம்பு கலந்த ஜரிகை; உலர்ந்த தூரிகையால் உதிர்வதை உதிர்த்துவிட்டு, விவரத்தில் எழுதிவிடுங்கள்.

கரும்பச்சையை என்ன செய்வது? கிழிசலை டார்னிங் செய்யாதீர்கள். புது நூலின் இழுப்பில் பக்கத்து இழைகள் போகும். பின்பக்கம் இஸ்திரியில் ஒட்டும் பேஸ்டிங் துணியும் வேண்டாம், அந்தப் பசையை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. உடல் போனாலும் கரையும் முந்தானையும் பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஏனென்றால் அவற்றின் நெசவு நெருக்கமானது. நல்லபடி இருக்கும் கரை எத்தனை மீட்டர், முந்தானை எத்தனை அங்குலம் என்று அளந்து, இரண்டாம் வகை வாங்குபவருக்கு வெட்டாமல் முழுதாகவே கொடுங்கள். எங்கே வெட்டுவது என்பது அவர் தொழில். முந்தானையில் யாளியோ அன்னப்பட்சியோ, உடலில் கொட்டடிக் கட்டமோ வைர ஊசிக் கோடோ இருந்தால், வடிவத்தைப் பதிவு செய்ய விரும்பும் நெசவாளர்களும் வடிவமைப்பாளர்களும்கூட வாங்குவார்கள். அதற்கும் சலவை தேவையில்லை.

விற்பனை விவரத்தில் எழுத வேண்டியது: நீளம், அகலம், எடை, ரவிக்கைத் துண்டு உண்டா, கோர்வையா இல்லையா, ஜரிகைச் சோதனை எப்படிச் செய்தீர்கள், சலவை நடந்ததா. மாதிரிக்கு: ‘ஒன்பது கெஜம், அரக்கு, கோர்வைக் கரை. ஜரிகை வெள்ளி என்று எக்ஸ்.ஆர்.எஃப். சோதனையில் தெரிந்தது, சீராகக் கறுத்துள்ளது. உலர் தூசி மட்டும் எடுக்கப்பட்டது. நீர்ச்சலவையோ டிரைவாஷோ பாலிஷோ நாங்கள் செய்யவில்லை. முந்தானையிலிருந்து இரண்டு அடி தள்ளி மிளகளவு ஓட்டை ஒன்று.’ பாட்டி காலத்தில் சலவைக்குப் போனதா என்பது தெரியாவிட்டால் ‘நாங்கள்’ என்ற சொல்லை விடாதீர்கள். படங்களை நிழலான பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கோர்வையின் முன்பக்கம், பின்பக்கம், பிட்னி, ஒவ்வொரு குறையும் அளவுகோலோடு ஒரு படம். மின்விளக்கில் மாம்பழ மஞ்சள் வேறு நிறமாகத் தெரியும், புடவை திரும்பி வருவதற்கு அதுவே போதும்.

விற்கும்வரை பழைய மடிப்பில் திரும்ப மடிக்காதீர்கள். துவைத்துக் கஞ்சி போடாத வேட்டித் துணியை உள்ளே வைத்து மூன்றாக மடித்து, அகலமான அட்டைக்குழாயில் தளர்வாகச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைத்தால் ஈரம் உள்ளே நின்றுவிடும். அனுப்பும் நாளில் மட்டும், துணிச்சுற்றுக்கு வெளியே மழைக்காக ஒரு பாலிதீன் உறை போடுங்கள், வந்ததும் பிரித்துவிடச் சொல்லி உள்ளே ஒரு சீட்டும் வையுங்கள்.